ஹீமோஃபிலியா பாதிப்புள்ளோரின் மூட்டுகளுக்கு ஃபேக்டர் ஊசி போடும் நாளிலேயே இயன்முறை சிகிச்சை வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஹீமோஃபிலியா பாதிப்புள்ள சிறுவனின் தந்தை,
குறிஞ்சிப்பாடி வட்டம், கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கடலூர்.

பொருள்: மூட்டு பாதிப்புக்கான கைவழி இயன்முறை சிகிச்சையை ஃபேக்டர் ஊசியுடன் இணைத்து வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் மகனுக்கு, இரத்தம் சரியாக உறையாத பிறவி நோயான ஹீமோஃபிலியா ஏ கடுமையான வகையில் உள்ளது. இரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 8 என்னும் புரதம் இவ்வகையினருக்கு இயல்பான அளவில் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருப்பதால், அடிபடாமலேயே முழங்கால், கணுக்கால், முழங்கை மூட்டுகளுக்குள் இரத்தம் கசிகிறது. அரசு மருத்துவமனைகளில் ஃபேக்டர் ஊசி இலவசமாகக் கிடைப்பதால்தான் எங்களைப் போன்ற குடும்பங்கள் தாக்குப்பிடிக்கின்றன என்பதை நன்றியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். எனினும், கசிவு நின்றுவிட்டால் மூட்டு தேறிவிடுவதில்லை. உள்ளே தங்கிய இரத்தத்தின் இரும்புச்சத்தால் மூட்டின் உட்சவ்வு அழன்று தடித்து, அதே மூட்டில் மீண்டும் மீண்டும் கசிவு ஏற்பட்டு, நாளடைவில் குருத்தெலும்பு தேய்ந்து, மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிவிடுகிறது. என் மகனின் வலது கணுக்கால் இந்த நிலையை நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறது.

பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் மூட்டை மென்மையாக இழுத்துத் தளர்த்துவதும், இறுகிய தசைகளை மெல்ல நீட்டுவதும் இதற்கு உதவக்கூடும். ஸ்பெயினில் நடந்த சிறிய அளவிலான ஆய்வுகளில், இத்தகைய சிகிச்சையால் கசிவு ஏற்படாமலேயே வலி குறைந்து அசைவு கூடியதாகத் தெரியவந்துள்ளது. ஆனால் மூட்டைச் சட்டென்று திருகி நெட்டி முறிப்பது இந்நோயாளிகளுக்கு ஆபத்தானது. கசிவு நடந்துகொண்டிருக்கும் மூட்டில் கை வைக்கவும் கூடாது. இந்த வேறுபாடு தெரியாததால் இயன்முறை மருத்துவர்கள் பலர் தொடவே தயங்குகின்றனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. மறுபுறம், வீங்கிய காலைச் சுளுக்கு என்று நம்பி எண்ணெய் தேய்த்து நீவிவிடுபவரிடம் பிள்ளையைத் தூக்கிச் செல்வோர் எங்கள் பகுதியில் இன்றும் உள்ளனர்.

இதில் முதன்மையானது நேரமே. செலுத்தப்பட்ட ஃபேக்டர் 8 ஏறத்தாழ 8 முதல் 12 மணி நேரத்தில் உடலில் பாதியாகக் குறைந்துவிடும். ஊசி ஒரு நாளும் இயன்முறை சிகிச்சை வேறொரு நாளும் என்றால், சிகிச்சையின்போது கசிவிலிருந்து ஊசி தரும் பாதுகாப்பு பெரும்பாலும் இருக்காது. அதற்கென மற்றொரு ஊசி போடுவது மருந்தையும் வீணாக்கும், கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கு இன்னொரு நாள் வருமானத்தையும் இழக்கச் செய்யும்.

ஆகவே, கடலூர் அரசு தலைமை மருத்துவமனையின் இயன்முறை மருத்துவர் ஒருவருக்கேனும் ஜிப்மர் அல்லது வேலூர் சி.எம்.சி. போன்ற நிறுவனத்தின் வழியாக இதற்கெனப் பயிற்சி அளித்து, ஃபேக்டர் செலுத்தும் நாளிலேயே, ஊசிக்குப் பின் இரத்தவியல் மருத்துவரின் ஆலோசனைப்படி இச்சிகிச்சை கிடைக்கவும், இருபுறத்து முழங்கை, முழங்கால், கணுக்கால் ஆகிய ஆறு மூட்டுகளின் நிலையையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் அளந்து பதிவு செய்யவும் உத்தரவிடக் கோருகிறேன். ஃபேக்டரைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள் உடலில் உருவாகியுள்ளவர்களுக்குத் தனி நடைமுறை வகுக்கப்பட வேண்டும். திட்டக்குடி, காட்டுமன்னார்கோவில் போன்ற தொலைவான பகுதிகளில் இருப்போருக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் இயன்முறை மருத்துவர்கள் வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சிகளைக் கற்றுத்தரலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 ஹீமோஃபிலியாவையும் மாற்றுத்திறன் வகைகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. அதன் அடிப்படையிலும் இம்மனுவைப் பரிசீலித்து, மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கு உரிய அறிவுறுத்தல் வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இணைப்பு: மகனின் மருத்துவ அறிக்கை நகல்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)