கூட்டுப்பட்டா, கூட்டுக்கிணறு விவசாயிகளுக்கும் மானியமும் பயிர்க்கடனும் கிடைக்க முகாம் நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
காங்கயம், வெள்ளகோவில் வட்டார விவசாயிகள்

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், திருப்பூர்

பொருள்: நீர் சேமிப்பு மானியம், பயிர்க்கடன் பெற ஒரே இடத்தில் முகாம் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். கிணற்றையும் போரையும் (ஆழ்துளைக் கிணறு) நம்பியே எங்கள் பகுதியில் வெள்ளாமை நடக்கிறது. தண்ணீரைச் சிக்கனம் செய்ய அரசுத் திட்டங்கள் நிறைய உள்ளன. அவற்றைத் தேடிப் பிடிப்பதுதான் பாடு. தென்னைக்கு வேளாண்மைத் துறை, மஞ்சளுக்கும் காய்கறிக்கும் தோட்டக்கலைத் துறை, பண்ணைக்குட்டைக்கும் சோலார் பம்புசெட்டுக்கும் வேளாண் பொறியியல் துறை என்று ஒரே தோட்டத்துக்காரர் மூன்று இடம் அலைய வேண்டியுள்ளது.

சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. 5 ஏக்கருக்கு உட்பட்டவர்கள்கூடச் சிறு, குறு விவசாயி சான்று இல்லாமல் முழு மானியத்தை இழக்கிறார்கள். பட்டா இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருக்கும். அல்லது பங்காளிகள் பெயரில் கூட்டுப்பட்டாவாக இருக்கும். உழுது அனுபவிப்பது 3 ஏக்கர்தான் என்றாலும் அதற்குத் தாளில் ஆதாரம் இல்லை. ஆகவே வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், உட்பிரிவு அளவை இவை முதலில் முடிய வேண்டும். சிட்டா, அடங்கல், புல வரைபடம், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் பெயர் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஓர் இன்ஷியல் மாறினாலும் விண்ணப்பம் திரும்பி வருகிறது.

கூட்டுக்கிணற்றுச் சிக்கல் இதைவிடப் பெரிது. முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சும் நாலு பங்காளிகளுக்கு மின் இணைப்பு ஒருவர் பெயரில் இருக்கும். மற்ற மூவரும் நீராதாரத்துக்குச் சான்று காட்ட முடிவதில்லை. பங்குதாரர் சம்மதக் கடிதத்துக்கு ஒரே மாதிரிப் படிவம் தந்தால் இது தீரும்.

போர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமுள்ள தோட்டங்களில் சொட்டுநீர்க் குழாயின் டிரிப்பர் (தண்ணீர் சொட்டும் முனை) வாயில் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடுகிறது. கடைசி வரிசைப் பயிர் வாடிய பிறகே அது தெரியவருகிறது. தண்ணீர்ப் பரிசோதனை முடிவைப் பார்த்து ஃபில்டரைத் தேர்வு செய்யவும், அமிலம் விட்டுக் குழாய் கழுவும் முறையைத் தோட்டத்திலேயே செய்துகாட்டவும் சொட்டுநீர் அமைத்துத் தரும் நிறுவனங்களுக்கு உத்தரவிட வேண்டுகிறோம்.

கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை. வங்கியின் கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். உரிய காலத்தில் கட்டினால் 4 சதவீதம்தான். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை அடமானம் தேவையில்லை. இது தெரியாமல் நகையை அடகு வைப்போர் இன்னும் இருக்கிறார்கள்.

எனவே மாதம் ஒருமுறை கூட்டுறவுச் சங்க வளாகத்தில் கிராம நிர்வாக அலுவலர், நில அளவர், மேற்கண்ட மூன்று துறையினர், வங்கி அலுவலர் ஆகியோரை ஒருசேர அமர்த்தி முகாம் நடத்தவும், விதைப்புப் பருவத்துக்கு முன்பே முதல் முகாமைத் தொடங்கவும், நிராகரிக்கப்படும் மனுவுக்குக் காரணத்தை எழுத்தில் தரவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள விவசாயிகள்

இணைப்பு: கூட்டுக்கிணறு சம்மதக் கடித மாதிரி வரைவு