அவர்களும் பெண்கள்தானே: நூற்றாண்டு விழாவுக்கு முன்பாக ஒரு திறந்த மடல்

இலங்கைப் பாராளுமன்றத்தின் கௌரவ உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2031 வந்தால் இந்த நாட்டில் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக வாக்களிக்கத் தொடங்கி நூறு வருடம். முத்திரை வெளியிடுவீர்கள், விசேட அமர்வு கூட்டுவீர்கள், ஆசியாவிலேயே நாம்தான் முந்தி என்று ஆளுக்கு ஆள் பேசுவீர்கள். பேசத்தான் வேண்டும், சின்ன விஷயமா அது? அந்தப் பேச்சுகளில் ஒரு கேள்வியையும் அதற்குக் கிடைத்த பதிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன்.

இலங்கையின் ஆட்சிமுறையை எப்படி மாற்றலாம் என்று ஆராய பிரித்தானிய அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு 1927 நவம்பரில் கொழும்புக்கு வந்தது. அப்போது சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேருக்குத்தான் வாக்கு இருந்தது. சொத்தும் வருமானமும் படிப்பும் உள்ள ஆண்கள். அடுத்த மாதமே பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவானது. டெய்சி டயஸ் பண்டாரநாயக்க சீமாட்டி தலைவி. டாக்டர் மேரி இரத்தினம் போன்றவர்கள் முன்னின்றார்கள். சங்கத்தின் சார்பில் ஆணைக்குழுவின் முன் போனவர்களில் கண்டி அரசியல்வாதி ஜோர்ஜ் ஈ. டி சில்வாவின் மனைவி அக்னஸ் டி சில்வாவும் ஒருவர்.

அங்கே டொனமூர் பிரபு கேட்டார்: தோட்டங்களில் கூலி வேலை செய்கிற இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்கிறீர்களா? அக்னஸ் சொன்ன பதிலை அவரே பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார்: “நிச்சயமாக. அவர்களும் பெண்கள்தானே. எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும்.”

பிரபுவின் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த மாதிரிக் கேள்வியை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். உரிமை கேட்டு வருகிறவரிடம், ‘உனக்குச் சரி, உன் வீட்டு வேலைக்காரிக்குமா?’ என்று கேட்டால் பாதிப் பேர் அந்த இடத்திலேயே தடுமாறிவிடுவார்கள். அக்னஸ் தடுமாறவில்லை.

1928இல் அறிக்கை வந்தது. ஆண்களுக்கு 21 வயதில் வாக்கு, பெண்களுக்கு 30 வயதில். இந்த முப்பது பிரித்தானியாவிலிருந்து கப்பலேறி வந்த முப்பது. முதலாம் உலகப் போரில் அங்கே ஆண்கள் இலட்சக்கணக்கில் செத்துப்போனார்கள். எல்லாப் பெண்களுக்கும் கொடுத்தால் பெண் வாக்கு ஆண் வாக்கை மிஞ்சிவிடும் என்ற பயத்தில்தான் 1918ஆம் ஆண்டுச் சட்டத்தில் முப்பது வயதுக் கோட்டைப் போட்டார்கள். இலங்கையிலோ அப்போது குடிசன மதிப்பீட்டில் ஆண்கள்தான் அதிகம். இல்லாத நோய்க்கு மருந்து எழுதித் தந்த கதைதான். அதே 1928 ஜூலையில் பிரித்தானியாவும் தன் பெண்களுக்கு 21 வயதில் வாக்குத் தந்துவிட்டது. அதற்குப் பிறகு இங்கேயும் 30ஐப் பிடித்துத் தொங்க நியாயம் இல்லை. 21 என்றே முடிவானது.

எங்கள் தமிழ்ப் பக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சர்வசன வாக்குரிமையைக் கடுமையாக எதிர்த்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். மருதனார்மடத்தில் 1913இல் பெண்களுக்கென்றே கல்லூரி கட்டியவரும் அவர்தான். பெண் படிக்கலாம், வாக்களிக்கக்கூடாது! யாழ்ப்பாணத்தில் இன்னொரு திருப்பமும் நடந்தது. டொனமூர் திட்டத்தில் முழுச் சுயராச்சியம் இல்லை என்று வாலிபர் காங்கிரஸ் 1931ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒரு வேட்புமனுகூட விழவில்லை. வாலிபர் காங்கிரஸ் சாதியையும் சீதனத்தையும் எதிர்த்த நல்ல இயக்கம், அதைக் குறைசொல்ல வரவில்லை. ஆனாலும் அந்த நான்கு தொகுதிப் பெண்களுக்கு முதல் வாக்கு 1934இல்தான் கிடைத்தது. பகிஷ்கரிப்பதா வேண்டாமா என்று அவர்களிடம் யாராவது கேட்டிருப்பார்களா?

தெற்கில் 1931 ஜூனில் வரிசை நின்றது. சின்னங்கள் வராத காலம். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம், அந்த நிறத்தில் ஒரு பெட்டி. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணும் தனக்கு வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரலாம். அதே வருடம் அடலின் மொலமூறே றுவன்வெல்லையிலிருந்து, அப்போதைய பாராளுமன்றமான அரசாங்க சபைக்குப் போனார். அடுத்த வருடம் கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்து.

சரி, அக்னஸ் யாருக்காக ‘நிச்சயமாக’ என்றாரோ, அந்தப் பெண்கள்?

அவர்களுக்கு வாக்கு நேராக வரவில்லை. இங்கேயே நிரந்தரமாகக் குடியிருப்பவர் என்று காட்டவேண்டும். இல்லாவிட்டால் படிப்பும் சொத்தும் காட்டவேண்டும். அதுவும் இல்லாவிட்டால் ஐந்து வருட வதிவுக்குச் சான்றிதழ் வாங்கவேண்டும். ‘இந்தியர்களுக்கு’ வாக்குப் போய்விடும் என்ற பயத்தைத் தணிக்க வைத்த வேலிகள் இவை. அப்படியும் சட்டசபையில் டொனமூர் திட்டம் 19க்கு 17 என்ற கணக்கில்தான் தப்பியது.

வேலியைத் தாண்டி உள்ளே வந்தவர்களில் என் பாட்டியும் ஒருத்தி. தலவாக்கலைத் தொகுதி. 1947இல் அவளுக்கு இருபத்துமூன்று வயது. கொழுந்துக் கூடையை லயத்து இஸ்தோப்பில் கவிழ்த்துவைத்துவிட்டு, பக்கத்துக் காம்பரா அக்காமாரோடு நடந்துபோய் வாக்குப் போட்டாளாம். அந்தத் தேர்தலில் சி. வி. வேலுப்பிள்ளை ஜெயித்தார். அவருடைய கட்சி, தோட்டத் தமிழர்களின் இலங்கை இந்தியர் காங்கிரஸ், மொத்தம் ஏழு ஆசனங்கள் எடுத்தது.

மறு வருடம் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம். பிரஜை இல்லையென்றால் வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லை. ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தமிழ் மக்கள் நாடற்றவர்களானார்கள். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒருநாள் சம்பளம். நிறுவையில் கொழுந்து போதாவிட்டால் அரைப்பேர்தான். பாட்டியின் பேர் முப்பது வருடத்துக்கு மேல் செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில், ஒழுங்காக விழுந்தது. இடாப்பில் மட்டும் விழவில்லை. “கணக்கப்பிள்ளைக்கு எம்பேரு தெரியும், கவுர்மெண்டுக்குத் தெரியல” என்பாள், வெற்றிலையை மடித்துக்கொண்டே. கோபமாகக்கூடச் சொல்லமாட்டாள், அதுதான் எனக்குத் தாங்காது.

1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகத்தின் முதல் பெண் பிரதமரானார். வாக்குரிமைச் சங்கத்தின் தலைவியாக இருந்த அந்தச் சீமாட்டியின் மருமகள் அவர். அந்தப் பெருமையில் மலையகத் தோட்டப் பெண்களில் பெரும்பாலோருக்குப் பங்கில்லை, அவர்கள் கையில் வாக்கில்லை. 1964இல் அவரும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று ஆட்களைப் பங்குபோட்டார்கள். பாட்டியின் தங்கை இராமேஸ்வரம் கப்பலில் போனாள். அக்கா தங்கை இருவரும் அதற்கப்புறம் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

பாட்டி மறுபடி வாக்களித்தது 1989இல், அறுபத்தைந்து வயதில். நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை தந்த 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு. மிச்சம் மீதி இருந்தவர்களுக்கு 2003 வரைக்கும் இழுத்தது. ஆகவே 1931 என்பது எல்லாப் பெண்களுக்கும் ஒரே 1931 இல்லை. கொழும்புப் பெண்ணுக்கு 1931. பருத்தித்துறைப் பெண்ணுக்கு 1934. தோட்டத்துப் பெண்ணுக்குக் கொடுத்து, பறித்து, திரும்பத் தந்த ஒன்று.

2024 நவம்பரில் முதல்முறையாக மலையகத் தமிழ்ப் பெண்கள் உங்கள் சபைக்குள் வந்தார்கள். அன்று செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. அம்மா மட்டும் எழுந்துபோய்த் தேத்தண்ணி ஊற்றினாள்.

கேட்பது இவ்வளவுதான். 2031 விசேட அமர்வில், 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் வாக்கு பறிபோன பெண்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஒரு பிரேரணையை நிறைவேற்றுங்கள். ‘சில பிரிவினருக்கு ஏற்பட்ட அசௌகரியம்’ என்றெல்லாம் எழுதாமல், ‘தோட்டத் தொழிலாளப் பெண்கள்’ என்றே எழுதுங்கள். டொனமூர் பிரபுவின் கேள்வியையும் அக்னஸ் டி சில்வாவின் பதிலையும் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் சபையில் வாசித்து ஹன்சார்ட்டில் ஏற்றுங்கள். தமிழில் வாசிக்க மலையகத்திலிருந்து வந்த ஓர் உறுப்பினரையே அழையுங்கள். நான் கலரியில் வந்து உட்கார அனுமதி கிடைத்தால் சந்தோஷம்.

ஒன்றை விட்டுவிட்டேன். 1989இல் பாட்டி புள்ளடியை அவ்வளவு பெரிதாகப் போட்டாளாம், கட்டத்தைத் தாண்டி வெளியே போய்விட்டதாம். அந்த வாக்கு செல்லுமா செல்லாதா என்று சாகும்வரை எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்படிக்கு,
தலவாக்கலைப் பக்கத்து வாக்காளர் ஒருவர்