குறைத்துக் கேட்டதுதான் குறை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாட்கள் ஆகின்றன. அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை. மணி பார்த்துச் சொட்டு மருந்து விடவேண்டி இருந்ததால் உட்கார்ந்து எழுத நேரம் வாய்க்கவில்லை. இப்போது நன்றாக இருக்கிறார். நேற்று செய்தித்தாளைத் தானே எடுத்து, தலைப்புகளை எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார். வாசித்து முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, உனக்குப் பதில் எழுதினேனா என்பதுதான்.

உன் கடிதத்தில் ஒரு வரி என்னை விடவே இல்லை. "எவ்வளவு குறைத்துக் கேட்டோம், அதைக் கொடுக்கவும் அவர்களுக்கு மனம் வரவில்லையே" என்று எழுதியிருந்தாய். முதியவர்களைப் பார்க்கப் போகும் உன் வேலைக்கு நிதி கேட்டு எழுதிய விண்ணப்பத்தின் நகலையும், நிதியத்திலிருந்து வந்த மறுப்புக் கடிதத்தின் நகலையும் நீ அனுப்பியது நல்லதாயிற்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று முறை படித்தேன். கோபித்துக்கொள்ளாமல் கேள். நீ குறைத்துக் கேட்டதால்தான் அவர்கள் மறுத்திருக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

உன் செலவுத் தாளையே எடுத்துக்கொள்வோம். தனியாக வாழும் முதியவர்கள் 40 பேர். ஒவ்வொருவர் வீட்டுக்கும் வாரத்தில் 2 முறை போய் நலம் விசாரிப்பது, மருந்து வேளை தவறாமல் பார்ப்பது, கூட உட்கார்ந்து பேசுவது. ஆக, வாரத்துக்கு 80 வருகைகள். போக வர எடுக்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு வருகைக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்தாலும் வாரத்துக்கு 60 மணி நேரம் ஆகிறது. அந்த 60 மணி நேரத்தைப் பற்றி உன் தாளில் ஒரு வரிகூட இல்லை! இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, மருந்துப் பெட்டிகள், போக்குவரத்து, அவ்வளவுதான். வாரத்தில் நான்கு நாட்கள் நீயே ஓடுகிறாய். உன் அண்ணன் ஓர் அறையை வாடகை இல்லாமல் விட்டிருக்கிறார். கணக்குத் தெரிந்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எழுதித் தருகிறார். இவை எல்லாம் எனக்குத் தெரியும். அந்தத் தாளைப் படிக்கும் குழுவுக்கு எப்படித் தெரியும்? '80 வருகைகளுக்கு யார் போவார்கள், அவருக்குக் காய்ச்சல் வந்தால் வேறு யார் போவார்கள்' என்று அவர்கள் தேடியிருப்பார்கள். விடை கிடைத்திருக்காது. 'செலவு மதிப்பீடு தெளிவாக இல்லை' என்ற அந்த ஒற்றை வரிக்கு இதுதான் பொருள். உன் உழைப்பை யாரும் இழிவாகப் பார்க்கவில்லை. உன் உழைப்பு அவர்கள் கண்ணில் படவே இல்லை.

நான் பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். எங்கள் மாலை நேரப் படிப்பகத்துக்கு முதல்முறை நிதி கேட்டபோது நாங்களும் இதையே செய்தோம். புத்தகம், பலகை, விளக்கு, நாற்காலி ஆகியவற்றுக்கு மட்டும் கேட்டோம். பாடம் சொல்லிக் கொடுப்பவர்களுக்கு ஊக்கத்தொகை கேட்டால் பேராசை என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். கேட்டது முழுவதும் கிடைத்தது. கொண்டாடினோம். ஏழாவது மாதத்தில், மூன்று பேரில் இரண்டு பேர் வேறு வேலை தேடிப் போனார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை, அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. 35 பிள்ளைகள் வந்துகொண்டிருந்த இடத்தில் 11 பேர் மிஞ்சினார்கள். ஆண்டு முடிவில் அறிக்கை கொடுத்தோம். ரசீதுகள் ஒன்றுகூட விடுபடவில்லை, கணக்கு ஓர் எண்கூடப் பிசகவில்லை. வாக்குக் கொடுத்தபடியே பணத்தைச் செலவழித்திருந்தோம். அலமாரி நிறையப் புத்தகம் இருந்தது, எடுத்துப் படிக்கத்தான் பிள்ளைகள் இல்லை. அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்ட மாலையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

சென்ற ஆண்டு எனக்கு மேசையின் மறுபக்கத்தில் உட்காரும் வாய்ப்பு வந்தது. ஓர் உள்ளூர் நிதியத்தின் பரிசீலனைக் குழுவில் ஆறு பேரில் ஒருத்தியாக இருந்தேன். 54 விண்ணப்பங்கள் வந்தன, இருந்த பணம் ஒன்பதுக்குத்தான் போதும். உண்மையைச் சொல்கிறேன், கதைப் பகுதியை நான் கடைசியில்தான் படித்தேன். முதலில் செலவுத் தாளைப் புரட்டுவேன். ஓர் அமைப்பு என்ன செய்யப்போகிறது என்பதை அதன் எண்கள்தான் நேராகச் சொல்கின்றன. பயிற்சி தருவோம் என்று நான்கு பக்கம் எழுதியிருப்பார்கள்; தாளில் பயிற்சியாளர் என்ற பெயரே இருக்காது. குறைந்த தொகை கேட்டவர்கள்மேல் எங்களுக்கு இரக்கம் வந்தது, நம்பிக்கை வரவில்லை. கொடுத்துவிட்டு நடுவழியில் அவர்கள் நின்றுபோனால், அந்தப் பணத்தில் நடந்திருக்க வேண்டிய இன்னொரு வேலையும் சேர்ந்து போகிறது என்று குழுவில் ஒருவர் சொன்னார். அவர் பேச்சு எனக்கு அப்போது கடுமையாகப் பட்டது. பிறகு எங்கள் படிப்பகத்தை நினைத்துக்கொண்டேன்.

அந்தக் குழுவில் உட்கார்ந்த பிறகுதான் இப்படிப்பட்ட நிதியங்கள் எப்படித் தோன்றின என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் பிரெடரிக் காஃப் என்ற வங்கித் தலைவர் 1914இல் தொடங்கியதைத்தான் முதல் சமுதாய அறக்கட்டளை என்கிறார்கள். செல்வர்கள் உயில் எழுதி விட்டுப்போன பணம், அவர்கள் குறித்த காரியமே காலத்தில் இல்லாமல் போனபின் யாருக்கும் உதவாமல் வங்கியில் கிடப்பதை அவர் பார்த்திருக்கிறார். பணம் ஒரு பொதுநிதியாக இருக்கட்டும், இன்றைய தேவை எது என்று அந்த நகரத்தில் இன்று வாழ்கிறவர்களின் குழு தீர்மானிக்கட்டும் என்பது அவர் யோசனை. இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்றால், நீ அந்தக் குழுவை ஏதோ உயரத்தில் இருக்கும் அதிகாரமாக நினைத்து மனு போல எழுதியிருக்கிறாய். "தாழ்மையுடன் வேண்டுகிறோம்" என்ற சொற்கள் நான்கு இடத்தில் வருகின்றன. அவற்றை எடுத்துவிடு. அவர்களிடம் பணம் இருக்கிறது, நடக்கவேண்டிய வேலை உன்னிடம் இருக்கிறது. நீ இல்லாவிட்டால் அந்தப் பணம் தன் காரியத்தைச் செய்யாது.

நிர்வாகச் செலவைப் பற்றி உனக்கு இருக்கும் குற்ற உணர்ச்சிக்கு வருகிறேன். "அலுவலகச் செலவுக்குக் கேட்பது முதியவர்களின் பங்கில் கை வைப்பது போல இருக்கிறது" என்று எழுதியிருந்தாய். அந்த மனது எனக்குப் புரிகிறது. ஆனால் தொலைபேசி இல்லாமல், கணக்கு எழுதுபவர் இல்லாமல், தணிக்கை இல்லாமல் எந்த வருகை நடக்கும்? நிதி தருபவர்களே இதை எண்ணி வைத்திருக்கிறார்கள். அமெரிக்க மத்திய அரசு தரும் நிதியுதவிகளில், அரசோடு தனியாக விகிதம் பேசி முடிக்காத அமைப்புகள் மறைமுகச் செலவுக்காக, அதாவது அலுவலகம், கணக்கு போன்ற பொதுச் செலவுக்காகச் சேர்த்துக்கொள்ளக்கூடிய உச்ச அளவு 10 விழுக்காடாக இருந்தது. 2024 அக்டோபரிலிருந்து அதை 15 ஆக உயர்த்தினார்கள். இந்தியாவில் வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகளுக்கு 2020இல் சட்டத்தைத் திருத்தி, நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆக இறக்கினார்கள். ஒரு பக்கம் ஏற்றுகிறார்கள், இன்னொரு பக்கம் இறக்குகிறார்கள். நிர்வாகத்துக்குச் செலவே ஆகாது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நீ விண்ணப்பிக்கும் நிதியத்தின் விதியில் எத்தனை விழுக்காடு என்று பார். அனுமதித்த அளவுவரை கேள். கூசாதே.

இலவசமாகக் கிடைப்பதையும் தாளில் எழுத வேண்டும். அண்ணன் தந்த அறைக்கு, அந்தப் பகுதியில் அதே அளவு அறைக்கு என்ன வாடகையோ அதை எழுது. எதிரே 'எங்கள் பங்களிப்பு' என்று குறி. தன்னார்வலர்களின் நேரத்தையும் அப்படியே மணிக்கணக்காக எழுது. பல நிதியங்கள் விண்ணப்பிக்கும் அமைப்பும் ஒரு பங்கு போடவேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. அந்தப் பங்கு பணமாகத்தான் வரவேண்டும் என்பதில்லை என்று பல இடங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள். நீ ஏற்கெனவே பாதிச் சுமையைத் தோளில் வைத்திருக்கிறாய், அதைக் காட்டாமல் மறைப்பதில் என்ன பெருமை?

இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டுமே என்பாய். உன்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு வருகைக்குப் பிறகும் நீ எழுதிவைக்கும் அந்த நீல அட்டை நோட்டு! யாரைப் பார்த்தாய், எவ்வளவு நேரம் இருந்தாய், அவர் என்ன சொன்னார் என்று மூன்று ஆண்டுகளாக எழுதி வந்திருக்கிறாய். குழுவில் நான் படித்த 54இல் அப்படி ஒரு பதிவு வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். அதைத் திறந்து எண்ணு. மருந்து விட்டுப்போனதை நீ கண்டுபிடித்து மருத்துவரிடம் அழைத்துச் சென்றது எத்தனை முறை? ஒரு வாரம் முழுக்க உன்னைத் தவிர வேறு யாரிடமும் பேசவில்லை என்று சொன்னவர்கள் எத்தனை பேர்? 'பல முதியவர்கள் பயனடைந்தனர்' என்று எழுதியிருக்கிறாயே, அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு அந்த எண்ணிக்கையைப் போடு. விண்ணப்பத்தில் பாதி அந்த நோட்டில் எழுதி முடிந்த நிலையில்தான் இருக்கிறது.

சின்னச் சின்ன விஷயங்கள் சில இருக்கின்றன. கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பே நிதியத்தின் அலுவலரைத் தொலைபேசியில் அழைத்து, "எங்கள் வேலை இந்த நிதிக்குப் பொருந்துமா?" என்று கேட்டுவிடு. பெரும்பாலும் அன்பாகவே பதில் சொல்வார்கள். பதிவுச் சான்றிதழ், விதிமுறை நகல், சென்ற ஆண்டின் கணக்கு, வங்கிக் கணக்கில் உறவினர் அல்லாத இரண்டு பேரின் கையெழுத்து, இவை சரியாக இல்லாததால் மட்டும் முதல் சல்லடையிலேயே பல விண்ணப்பங்கள் விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன். உன் வங்கிக் கணக்கில் நீயும் உன் கணவரும் கையெழுத்துப் போடுகிறீர்கள், அதை இப்போதே மாற்றிவிடு. அப்புறம், ஒப்புதல் கடிதம் வருமுன் எதையும் வாங்கிவிடாதே. ஒப்புதலுக்கு முந்தைய தேதியில் வாங்கியவற்றின் ரசீதுகளுக்குப் பெரும்பாலும் பணம் தரமாட்டார்கள். பணம் எத்தனை தவணையாக வரும் என்றும் கேட்டுக்கொள். கடைசித் தவணை அறிக்கைக்குப் பிறகுதான் என்றால், இடையில் கைப்பணம் எங்கிருந்து வரும் என்று முன்னமே யோசிக்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் உன்னோடு எனக்கு உடன்பாடு இல்லை. இளைஞர் திறன் வளர்ச்சிக்கு ஒரு நிதி இருக்கிறது, முதியவர்களைப் பார்க்கப் போகும் பிள்ளைகளுக்குக் கணினிப் பயிற்சி என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் அதற்கும் விண்ணப்பிக்கலாம் என்று எழுதியிருந்தாய். வேண்டாம். அதற்காக வரும் பணத்தை அதற்கு மட்டுமே செலவழிக்க முடியும். கணினி வாங்குவாய், வகுப்பு நடத்துவாய், அறிக்கை எழுதுவாய். அந்த நேரத்துக்கு யாருடைய வீட்டுக்குப் போகாமல் இருப்பாய்? பணம் இருக்கும் திசையில் வேலை நகரத் தொடங்கினால் இரண்டு ஆண்டில் உன் அமைப்பை உனக்கே அடையாளம் தெரியாது. நீ எதற்காக இதைத் தொடங்கினாய் என்று எனக்கு நினைவிருக்கிறது. உன் மாமியார் இறந்த பிறகு அவருடைய பழைய சிநேகிதி வாசலில் வந்து நின்று, "இனி நான் யாரோடு பேசுவேன்?" என்று கேட்டதை நீ சொல்லி அழுத நாளில் நான் உன்னோடுதான் இருந்தேன்.

மறுத்தவர்களுக்கு ஒரு கடிதம் எழுது. வருத்தம் வேண்டாம். பரிசீலித்ததற்கு நன்றி, எங்கே தெளிவு போதவில்லை என்று சொன்னால் திருத்திக்கொள்வோம், அடுத்த சுற்று எப்போது என்று மட்டும் கேள். எங்கள் குழுவில் ஒன்பது பேருக்குக் கொடுத்தோம், 45 பேருக்கு மறுத்தோம். காரணம் கேட்டு எழுதியவர்கள் நான்கே பேர். அந்த நான்கு அமைப்புகளின் பெயரும் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

இங்கே மற்றச் செய்திகள் நல்லவையே. மகளுக்கு இறுதித் தேர்வு முடிந்துவிட்டது. முடிவு வரும்வரை படிப்பகத்தில் சிறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள். அவளுக்கும் ஊக்கத்தொகைப் பதிவேட்டில் ஒரு வரி போட்டிருக்கிறேன். "எனக்கு எதற்கு அம்மா?" என்றாள். "உனக்குப் பிறகு வருகிறவருக்கு வேண்டும்" என்றேன்.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை அங்கே வருகிறேன். இரண்டு நாட்கள் தங்குவேன். நீல அட்டை நோட்டுகள் மூன்றையும், அண்ணனையும், ஞாயிற்றுக்கிழமைக் கணக்கரையும் தயாராக வைத்திரு. அதற்குள் ஒரே ஒரு வேலையை மட்டும் முடித்து வை: ஒரு வாரம் முழுக்க, நீ வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரத்தையும் திரும்பி வரும் நேரத்தையும் குறித்துக்கொள். தாளின் முதல் வரியாக உன் நேரத்தை எழுதிவிட்டுத்தான் மற்றவற்றைத் தொடப்போகிறோம்.

அன்புடன்,
உன் தோழி