எலுமிச்சையின் அடிமரம் நனையக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடையில் எலுமிச்சை விலை ஏறியதும், வீட்டில் ஒரு கன்று வைத்தால் என்ன என்று பலருக்கும் தோன்றுகிறது. வைக்க வேண்டியதுதான். ஆனால் அப்படி வைத்த மரங்களில் பல, காய்க்கிற வயதில் இலை வெளுத்து, நுனிக் கொம்பு காய்ந்து நிற்கின்றன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு குடம் அடியிலேயே ஊற்றுகிறார்கள். மரத்தைக் கொல்வதே அந்தத் தண்ணீர்தான். இதைத் தங்கள் நாளிதழ் வழியாக அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எலுமிச்சைக்கு ஈரம் வேண்டும், ஆனால் அடிமரப் பட்டை காய்ந்திருக்க வேண்டும். பட்டையை ஒட்டித் தண்ணீர் நின்றால் ஃபைட்டோப்தோரா என்ற பூசணம் ஏறும். அதன் வித்துகள் தண்ணீரில் நீந்திப் போய்த் தொற்றுபவை. அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் குவித்து, சாணத்தைக் கொட்டி, செங்கல் கட்டித் தொட்டி போல் ஆக்குவது அந்தப் பூசணத்துக்குப் பாய் விரித்துக் கொடுப்பது போல. சந்தேகம் இருந்தால் அடியில் குவிந்த மண்ணைக் கையால் விலக்கி, வேர் பிரியும் இடம் வரை பாருங்கள். பட்டை கறுத்து ஈரமாக இருக்கிறதா, தேன் நிறத்தில் பிசின் முத்து முத்தாக நிற்கிறதா? நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும். பழுப்பாக இருந்து, புளித்த வாடை அடித்தால் அழுகல் தொடங்கிவிட்டது.

அந்த அழுகலைக் கூரிய கத்தியால் நல்ல பட்டை தெரியும் வரை செதுக்கி எடுத்துவிட்டு, போர்டோ பசை பூச வேண்டும். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, இரண்டையும் ஒரே சமயத்தில் மூன்றாவது பாத்திரத்தில் ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் வாளி அல்லது மண்பானைதான் ஆகும், இரும்பும் தகரமும் கூடாது. கலவையில் இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் சேருங்கள். கலக்கிய அன்றே பூசிவிட வேண்டும். தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை பூசினால் போதும். மழைக்காலத்துக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை பூசுவது நல்ல மரத்துக்கும் காப்பு.

தண்ணீர் பாய்ச்ச இரட்டை வட்டப் பாத்திதான் சரி. மரத்தை ஒட்டி ஓரடிக்கு மண் சற்று மேடாக இருக்கட்டும், ஆனால் பட்டையை மூடக் கூடாது. கிளைகளின் நிழல் விழும் ஓரத்தில் வெளிவரப்பு. இரண்டுக்கும் நடுவில் மட்டும் தண்ணீரும் எருவும். உணவு எடுக்கும் சல்லி வேர்கள் அங்கேதான், மேல்மண்ணில்தான் இருக்கின்றன. அதனால் அங்கே ஆழமாகக் கொத்தவும் கூடாது. மக்கிய தொழு உரம் முதல் வருடம் 10 கிலோ, ஆறாம் வருடத்துக்குள் 30 கிலோ என்று ஏற்றிக்கொண்டு போகலாம். தழைச்சத்தை ஒரே மூச்சில் கொடுக்காமல் மார்ச்சிலும் அக்டோபரிலும் பிரித்துக் கொடுங்கள். யூரியாவை அடிமரத்தில் கொட்டினால் வேர் வெந்துபோகும்.

"செழிப்பாக இருக்கிறது, பூக்கவே இல்லை" என்ற புலம்பலுக்கும் பாதி காரணம் தண்ணீரே. தினமும் ஊற்றினால் மரம் துளிர்விட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு, மூன்று வாரம் தண்ணீரைக் குறைத்து, இலை லேசாக வாடியதும் எருவிட்டுப் பாய்ச்சினால் துளிரோடு மொட்டும் வரும். பூவிலிருந்து பழத்துக்கு ஐந்தாறு மாதம் ஆகும். பிஞ்சு பிடித்த பிறகு ஒருநாள் காய்ச்சலும் ஒருநாள் வெள்ளமுமாக விட்டால் பிஞ்சு கொட்டிவிடும்.

மறுபாதி காரணம் கன்று. விதைக்கன்று காய்க்க நான்கைந்து வருடம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். கிளையிலேயே வேர்விட வைத்துப் பிரித்த பதியனும், வேர்க்கன்று என்கிற வேறொரு கன்றின்மேல் எலுமிச்சையை ஒட்டிய ஒட்டும் அதற்கு முன்பே காய்க்கும். ஒட்டுக்கன்றில் ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேல் அரையடியாவது தெரிய வேண்டும். அதற்குக் கீழிருந்து வருகிற போத்தை (புதுக் கொம்பை) அன்றன்றே கிள்ளிவிட வேண்டும். விட்டால் அது வேர்க்கன்றின் மரம், எலுமிச்சையை அமுக்கிவிட்டுத் தான் வளரும்.

பூச்சிக்கு அவ்வளவு பயம் வேண்டாம். பறவை எச்சம் போல இலையில் ஒட்டியிருப்பது வண்ணத்துப்பூச்சியின் புழு, வளர்ந்தால் பச்சையாகிவிடும். கையால் எடுத்தால் தீர்ந்தது. துளிர் இலையில் வெள்ளிக் கோடு கோடாகச் சுருண்டால் இலைத் துளைப்பான். வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டித் துளிர் விடும் சமயத்தில் தெளிக்கலாம். இதைக் கவனிக்கச் சொல்வதற்குக் காரணம், அந்தக் காயத்தின் வழியாகத்தான் சொறி நோய் எளிதில் நுழைகிறது. சொறி என்பது இலையிலும் காயிலும் மஞ்சள் வளையத்தோடு மேடாக எழும் தக்கைப் புள்ளி. வந்த கொம்பை வெயில் நாளில் வெட்டி எரித்துவிட்டு, காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் கலந்து தெளியுங்கள். ஈரத்தில் வெட்டினால் கத்தியே நோயைப் பரப்பும்.

இலை நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறி, புது இலை சிறுத்து வந்தால் துத்தநாகக் குறை. லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட்டைக் கரைத்துத் துளிர் இலையில் தெளிக்க வேண்டும். மண்ணில் போட்டால் சுண்ணாம்புச் சத்துள்ள நிலத்தில் அது வேருக்குப் போய்ச் சேராது. உப்பு ஏறிய போர்த் தண்ணீரை எலுமிச்சை தாங்காது. மொட்டை மாடித் தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், மழைநீர் கிடைக்கும்போதெல்லாம் தொட்டியை நன்றாக அலசி வழியவிட வேண்டும்.

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பி.கே.எம்.1 போன்ற நல்ல ரகம் நம்மிடம் இருக்கிறது. ஆனால் நர்சரிகளில் ரகத்தின் பெயரும் இல்லை, விதைக்கன்றா பதியனா ஒட்டா என்பதும் இல்லை. கன்றின் பையில் இந்த இரண்டையும் எழுதி விற்க வேண்டும் என்று தோட்டக்கலைத் துறை கட்டாயமாக்கலாம். நட்டவர் நான்கு வருடம் காத்திருக்கப் போகிறாரா, இரண்டு வருடமா என்பது வாங்கும்போதே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
வாசகர், திண்டுக்கல்