எட்டும் எட்டும் பதினாறு

மறையூர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று போனில் நீ சொன்னதற்கெல்லாம் "சரி தாயி" என்று சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்தில் உங்கப்பா இருந்தார். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, வேலையை விடப்போகிறேன் என்றாய். அது உன் முடிவு, குறுக்கே வரமாட்டேன். ஆனால் பிஎஃப் பணம், பென்ஷன் பணம் எல்லாவற்றையும் எடுத்து வீட்டு அட்வான்ஸுக்குக் கொடுக்கப்போகிறேன் என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

போன நவம்பரில் உங்கப்பா பென்ஷனுக்காக உயிர்ச்சான்று கொடுக்கப் போனபோது கூடப் போனேன். மெஷினில் அவர் ரேகை விழவில்லை. முப்பத்திநாலு வருஷம் தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேய்ந்த விரல். என் முந்தானையால் துடைத்துத் துடைத்து வைத்தேன். நாலாவது தடவைதான் விளக்கு பச்சையாக எரிந்தது. அங்கிருந்த பெண் என்னைப் பார்த்து, "அம்மைக்குப் பென்ஷன் இல்லே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவரும் நானும் ஒரே மலையில், ஒரே மஸ்டரில், ஆள்பதிவில், பேர் கொடுத்தவர்கள். அவருக்கு மாசம் மூவாயிரத்துச் சொச்சம் வருகிறது. எனக்கு ஒன்றுமில்லை.

ஏன் இல்லை என்று உனக்கு நான் சொன்னதே கிடையாது. 1988-ல் எஸ்டேட்டில் என் பேர் பதிந்தது. 1996-ல் ஆச்சி படுக்கையில் விழுந்தாள், உனக்கு ரெண்டு வயசு. வீட்டில் ஒருத்தர் நிற்க வேண்டும். யார் நிற்பது என்று ஒரு பேச்சு கூட எழவில்லை, நான்தான் பேரை வெட்டிக்கொண்டு வந்தேன். ஆபீசில் ஒரு ஃபாரம் நீட்டினார்கள். பத்து வருஷ வேலை இருந்தால்தான் மாசப் பென்ஷன். அது ஆகாதவர்களுக்குப் பென்ஷன் கணக்கில் ரெண்டு வழி உண்டு: பணமாக வாங்கிக்கொள்ளலாம், அல்லது செய்த வருஷங்களைக் காட்டும் சான்றிதழாக வாங்கிவைத்து, பின்னால் சேரும் வேலையோடு கூட்டிக்கொள்ளலாம். அதை யாரும் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. பணம் என்று போட்டார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். பிஎஃப்போடு சேர்த்துப் பதினோராயிரம் வந்தது. உன் அத்தை கல்யாணத்துக்குப் போனது. அந்தக் காலத்தில் பிஎஃப் வட்டி 12 சதவீதம் என்று பிறகுதான் தெரியும்.

2003-ல் திரும்பப் போனேன். பன்னிரண்டு வருஷம் தற்காலிகம் என்றே வைத்திருந்தார்கள், பிடித்தமும் இல்லை. 2015-ல் நிரந்தரம், 2023-ல் 58 வயசு, ரிட்டயர்மென்ட். மறுபடி எட்டு வருஷம். அந்தச் சான்றிதழ் மட்டும் கையில் இருந்திருந்தால் எட்டும் எட்டும் பதினாறு. ஒரு பெட்டியில் டிக் போடாததால் ரெண்டு எட்டும் தனித்தனியாக நின்று ஒன்றுமில்லாமல் போயின.

அதே 2015 செப்டம்பரில்தான் மூணாறு ரோட்டில் பெண்கள் நாங்கள் உட்கார்ந்தோம். பெம்பிளை ஒருமை, பெண்கள் ஒற்றுமை, என்று அந்தப் போராட்டத்துக்குப் பேர். 20 சதவீத போனஸ் கேட்டோம், கூலியைக் கூட்டக் கேட்டோம். போனஸை வாங்கியும் காட்டினோம். என்னை மாதிரி நடுவில் நின்றுபோனவர்களின் வருஷங்களைக் கேட்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இன்றைக்கும் அது மனசில் உறுத்துகிறது.

சட்டம் ஆண் பெண் என்று பார்ப்பதில்லை, எல்லாருக்கும் சம்பளத்தில் 12 சதவீதம் பிடித்தம், எல்லாருக்கும் பத்து வருஷம் என்பார்கள். ஆனால் பிள்ளைக்காகவும் படுத்தவர்களுக்காகவும் வேலையை விடுகிறவர் யார்? வேலையை விட்டவர் பிஎஃப் வாங்க ரெண்டு மாசம் காத்திருக்க வேண்டும் என்றும், கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண்ணுக்கு மட்டும் அந்தக் காத்திருப்பு வேண்டாம் என்றும் பிஎஃப் திட்டத்திலேயே எழுதியிருந்தது. சலுகை மாதிரிதான் தெரியும். பெண் சேர்த்த காசு கல்யாணச் செலவுக்குத்தான் என்று அவர்களே முடிவு கட்டியிருக்கிறார்கள்.

நீ வேலைக்குச் சேர்ந்த 2018-ல் பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜெட்லி, புதிதாகச் சேரும் பெண்களுக்கு முதல் மூன்று வருஷம் பிடித்தம் 8 சதவீதம்தான் என்று அறிவித்தார். கையில் சம்பளம் கூடும் என்று நீயும் சந்தோஷப்பட்டாய். மாசாமாசம் கூடும் அந்த நாலு சதவீதம் எங்கிருந்து வரும்? அந்தப் பெண் கிழவியான பிறகு சாப்பிட வேண்டிய சோற்றிலிருந்து. பெண்ணுக்கு உதவ நினைத்தால் அரசாங்கம் தன் பங்கைச் சேர்த்துப் போடலாம். எங்கள் எஸ்டேட் லயத்து வீட்டுப் பெண் ஒருத்தி ஜெர்மனியில் நர்ஸ். அங்கே ஒரு பிள்ளை பெற்றால், வளர்த்ததற்காக மூன்று வருஷத்தை அரசாங்கமே பென்ஷன் கணக்கில் சேர்த்துவிடுகிறது. இங்கே உன் பிள்ளைக்காக நீ வீட்டிலிருக்கும் வருஷத்துக்குப் பூஜ்யம்.

உனக்கு ஏழு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் மூன்று வருஷம், அது எந்தக் கம்பெனியானாலும் சரி. பத்து ஆனால், 15,000 சம்பள வரம்பைப் பத்தால் பெருக்கி எழுபதால் வகுத்தால் மாசம் ஏறக்குறைய 2,143 ரூபாய். பெரிய பணமில்லைதான். ஆனால் 58 வயசிலிருந்து சாகும்வரை உன் பேரில் வரும். பிஎஃப்பும் அப்படியே கிடக்கட்டும். 2024-25-க்குக் கொடுத்த 8.25 சதவீதம் நீடித்தால் ஒன்பது வருஷத்துக்குள் இரட்டிக்கும். உனக்கு இன்னும் 27 வருஷம் இருக்கிறது, மூன்று லட்சம் எட்டு மடங்காகும். மாப்பிள்ளையிடம் இதைச் சொல். அவர் தங்கமானவர், அவர் பிஎஃப்பில் யாரும் கைவைக்கச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல். நீ வீட்டிலிருக்கும் காலத்தில் உன் பேரில் ஒரு பிபிஎஃப் (பொது சேமநிதி) கணக்கு தொடங்கி அவர் பணம் போடட்டும், வருஷத்துக்கு 500 ரூபாயிலிருந்து போடலாம்.

இன்னொன்று. உங்கப்பா காலத்துக்குப் பிறகு எனக்குப் பாதிப் பென்ஷன் வரும். என் பேரில் ஒரு ரூபாய் வரவேண்டுமென்றால் அவர் இல்லாமல் போக வேண்டும். எழுதவே கை கூசுகிறது. நீ இந்த நிலைக்கு வரக் கூடாது.

உங்கப்பாவிடம் பேசிவிட்டேன், சமையல் அவர் பார்த்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை உடுமலைப்பேட்டை பஸ்ஸில் ஏறி, கோயம்புத்தூரில் ரயில் பிடித்து வருகிறேன். பிள்ளைக்கு ஒரு வயசு முடியும்வரை இருப்பேன். வேலையை விடுவதா வேண்டாமா என்று அதற்குள் நிதானமாக யோசி. கொஞ்சம் மறையூர்ச் சர்க்கரையும், நம்ம ஊர் வெல்லம், கொண்டுவருகிறேன். பணம் எடுக்கும் ஃபாரத்தை ஏற்கெனவே ஆன்லைனில் போட்டுவிட்டாயா என்று மட்டும் இன்றைக்கே போன் பண்ணிச் சொல்.

அம்மா