சின்னவன் பெயர் வேண்டாம், மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, இருந்தாலும் காலையில் கோவில்வரை போய் வந்துவிடுகிறார். தங்கச்சிக்குப் பதவி உயர்வு வந்த சேதியை நம் விடுதி நண்பன் ‘ஒட்டடை’ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீயல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்? அந்தக் கணக்கை நேரில் தீர்த்துக்கொள்ளலாம். அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்.

நீ எழுதி அனுப்பிய சிறுவர் கதைப் புத்தகத்தின் வரைவைப் படித்து முடித்துவிட்டேன். நீ இப்படி எழுதுவாய் என்று எனக்கு அப்போதே தெரியும். மெஸ் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நீ எழுதிய கழுதைப் புராணத்தை நம் கூட்டத்தில் இன்னும் யாரும் மறக்கவில்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு ராஜ்ஜியம், அதற்குப் பல்வலி வந்த காக்கை மந்திரி! அந்தத் தாசில்தார் பூனை யார் என்பதை முதல் வரியிலேயே பிடித்துவிட்டேன். ‘சாவி என்னிடம் இல்லை’ என்று அது சொல்லும் இடத்தில் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. குழந்தைகளுக்கென்று எழுதும்போது பலருக்கு வந்துவிடும் அந்த உபதேசக் குரல் உனக்கு ஓரிடத்திலும் வரவில்லை. அதற்காகவே உன்னைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

ஆனால் ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசி என்னை உன் வழிக்குக் கொண்டுவந்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். கதைநாயகனுக்கு உன் மகன் சின்னவனின் பள்ளிப் பெயரையே வைத்திருக்கிறாய். பின்னட்டையில் அவன் போட்டோ. போதாததற்கு, ராத்திரி பாத்ரூமுக்குப் போகப் பயந்து ஆச்சியின் சேலையைப் பிடித்துக்கொண்டு போகும் அத்தியாயம் வேறு. அந்தப் பெயரை எடுத்துவிடு. போட்டோவையும் எடுத்துவிடு. அச்சுக்குப் போவதற்குள் எடுத்துவிடு.

எதற்கு இவ்வளவு பதறுகிறான் என்று நினைப்பாய். ‘குட்பை கிறிஸ்டோபர் ராபின்’ என்று 2017இல் வந்த ஒரு படத்தை இப்போதுதான் பார்த்தேன். சைமன் கர்ட்டிஸ் இயக்கியது. வின்னி த பூ கரடிக் கதைகளை எழுதிய ஏ. ஏ. மில்னைப் பற்றியது. உன் புத்தகத்தைப் படித்த கையோடு பார்த்ததால் எனக்கு அது ஒரு படமாகவே தெரியவில்லை.

மில்ன் முதல் உலகப்போரில் சொம் போர்க்களத்தில் இருந்தவர். ஊர் திரும்பியும் போர் அவரை விடவில்லை. படத்தில் ஒரு பலூன் வெடித்தால் ஒடுங்கிப்போகிறார். காட்டில் கேட்ட இரைச்சலை ஈக்கள் என்று நினைத்து நடுங்கி நின்றவரிடம், அது தேனீதான் என்று சொல்லிச் சமாதானப்படுத்துவது அவருடைய மகன். அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மனைவி லண்டனில், தாதியும் ஊருக்குப் போய்விட, அப்பாவும் பிள்ளையும் மட்டும் சசெக்ஸ் கிராமப்புறத்தில் தனியாக. பொம்மைக் கரடியைத் தூக்கிக்கொண்டு ஆஷ்டவுன் காட்டில் அலைகிறார்கள், விளையாட்டு அப்படியே கதையாகிறது. கற்பனை என்பது இரண்டு பேர் சேர்ந்து ஒருவரையொருவர் பயத்திலிருந்து வெளியே இழுக்கும் வேலை என்று அந்தப் பகுதி எனக்குக் காட்டியது. டோனல் க்ளீசன் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டே அதைச் செய்திருக்கிறார். அந்தப் பொடியன் வில் டில்ஸ்டனைப் பார்த்தால் உனக்குச் சின்னவன் ஞாபகம்தான் வரும், அதே கன்னம்.

அப்புறம், கதைப் பையனுக்கு மகனின் சொந்தப் பெயரையே, கிறிஸ்டோபர் ராபின் என்றே வைத்துப் புத்தகம் வருகிறது. 1924இல் கவிதைகள், 1926இல் கரடிக் கதைகள், 1927இல் இன்னொரு கவிதைத் தொகுப்பு, 1928இல் கடைசிப் புத்தகம். நாலே வருஷத்தில் உலகம் முழுக்க அந்தப் பையனைத் தெரிந்துவிட்டது. பேட்டி, போட்டோ, கட்டுக்கட்டாகக் கடிதம். படத்தில் தாதியாக வரும் கெல்லி மெக்டொனால்ட் ஒருத்திதான் இது சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்கிறாள்.

படம் முழுக்க உண்மை என்று நான் சொல்லவில்லை. மகன் பிற்காலத்தில், 1974இல், தன் வாழ்க்கையை எழுதினார். அப்பாவுக்குச் சின்னப் பிள்ளைகளோடு சகஜமாக விளையாட வராது, பொம்மைகளுக்குக் குரல் கொடுத்துத் தன்னோடு விளையாடியது அம்மாதான், அந்த விளையாட்டில்தான் அப்பாவுக்குக் கதை கிடைத்தது என்கிறார். படமோ அம்மாவைக் குளிர்ந்துபோன மனுஷியாகக் காட்டிவிட்டுக் கற்பனை மொத்தத்தையும் அப்பாவின் கையில் கொடுக்கிறது. அது அநியாயம் என்றே எனக்குப் படுகிறது. பிள்ளையோடு உட்கார்ந்து விளையாடியவளின் பங்கு எப்போதும் இப்படித்தான் காணாமல் போகிறது. (உன் சமர்ப்பணப் பக்கத்திலும் தங்கச்சி பெயர் இல்லை. ஆச்சிக்கும் சின்னவனுக்கும் மட்டும் போட்டிருக்கிறாய். அதையும் பார்.) முடிவும் அப்படித்தான். இரண்டாம் உலகப்போரில் மகனைக் காணவில்லை என்று தந்தி வந்து, பிறகு அவன் உயிரோடு திரும்பி, அப்பாவும் பிள்ளையும் மனம்விட்டுப் பேசிக்கொள்கிறார்கள். நிஜத்தில் 1944இல் இத்தாலியில் தலையில் குண்டுச் சிதறல் பட்டுக் காயமடைந்தார், பிழைத்து வந்தார். ஆனால் மனக்கசப்பு அதற்குப் பிறகுதான் முற்றியது.

பள்ளி விடுதியில் அந்த மகனுக்கு நடந்ததைக் கேள். ‘வெஸ்பர்ஸ்’ என்று மில்ன் எழுதிய ஒரு கவிதை. சின்னப் பையன் கட்டிலோரம் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்வான். மகன் இரண்டு வயதில் சாமி கும்பிட்டதைப் பார்த்து எழுதி மனைவிக்குக் கொடுத்தது. அதை மகன் குரலிலேயே பதிவுசெய்து இசைத்தட்டாக விற்றிருந்தார்கள். பக்கத்து அறைப் பையன்கள் அந்தத் தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு அவனைக் கேலி செய்தார்கள். ஒருநாள் அவர்களுக்கே அலுத்துப்போய்த் தட்டை அவனிடம் கொடுத்துவிட்டார்கள். அவன் அதைத் துண்டுதுண்டாக உடைத்து, தூரத்து வயலில் கொண்டுபோய் இறைத்துவிட்டு வந்தான். மாப்ளே, நீயும் நானும் விடுதியில் இருந்தவர்கள். பல்லிக்குப் பயம் என்று ஒரே ஒரு தடவை வாய்தவறிச் சொன்ன நண்பனைப் ‘பல்லி’ என்றே கூப்பிட்டு நாம் என்ன பாடு படுத்தினோம்? அச்சில் வந்த பயம் நம் கையில் கிடைத்திருந்தால்?

நீ என்ன பதில் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். ‘வீட்டில் அவனைச் சின்னவன் என்றுதான் கூப்பிடுகிறோம், புத்தகத்தில் இருப்பது வெறும் பள்ளிப் பெயர்’ என்பாய். மில்னும் அப்படித்தான் நினைத்தார். வீட்டில் அந்தப் பையனுக்குப் பெயர் பில்லி மூன். கிறிஸ்டோபர் ராபின் என்று அவர்கள் கூப்பிடுவதே கிடையாது. அதனால் புத்தகத்தில் வருகிறவன் வேறு, தன் மகன் வேறு என்று அவர் நம்பினார். ஆனால் வெளியில் இருந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும்போது கூப்பிடுவது பள்ளிப் பெயரைத்தானே?

‘அவனைக் கேட்டுவிட்டேன், அவனுக்கு ஒரே சந்தோஷம்’ என்பாய். சந்தோஷமாகத்தான் இருக்கும், அவனுக்கு ஆறு வயது. அந்தப் பையனும் சின்ன வயதில் அந்தப் புகழை விரும்பவே செய்தான், அதை அவரே எழுதியிருக்கிறார். எனக்கு இதுதான் பெரிய பயம். ஆறு வயதில் சரி என்றவனும் பதினாறு வயதில் அதைச் சுமக்கப்போகிறவனும் ஒரே ஆள் இல்லை. பதினாறு வயதுக்காரனிடம் நீ இன்னும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது.

இன்னொரு விஷயம் எனக்கு ஆறவேயில்லை. அந்தப் புத்தகங்களுக்குப் படம் வரைந்த ஷெப்பர்ட், கரடியை வரையும்போது கிறிஸ்டோபரின் கரடியைப் பார்த்து வரையவில்லை. தன் மகனிடம் இருந்த வேறொரு கரடியை வைத்து வரைந்தார். கரடியின் பெயரும் லண்டன் மிருகக்காட்சிசாலையில் இருந்த ஒரு கனடாக் கரடியிடமிருந்து வந்தது. ஆக, பொம்மைக்கு மாற்று முகமும் மாற்றுப் பெயரும் கிடைத்தன. உயிருள்ள பிள்ளை மட்டும் சொந்த முடி, சொந்தச் சட்டை, சொந்தப் பெயரோடு உள்ளே போனான்.

மில்னுக்குப் புரியாமலும் இல்லை. 1928க்குப் பிறகு அந்தக் கதைகளை அவர் எழுதவே இல்லை. பையனுக்கு இதற்குமேல் விளம்பரம் வேண்டாம், தன் பெயர் வேறாக இருந்திருக்கக் கூடாதா என்று அவன் ஏங்கும் நிலை வரக்கூடாது என்று மறுவருஷமே எழுதினார். எவ்வளவு நல்ல மனுஷர் பார். ஆனால் அதற்குள் நாலு புத்தகமும் உலகத்தின் கைக்குப் போய்விட்டன. உன்னுடையது இன்னும் உன் கணினியில்தான் இருக்கிறது.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கிறிஸ்டோபர் லண்டனில் வேலை தேடி அலைந்த காலத்தில், தன் பிஞ்சுத் தோள்மேல் ஏறித்தான் அப்பா அந்த உயரத்துக்குப் போனார், தன் நல்ல பெயரைத் திருடிக்கொண்டு ‘இன்னார் மகன்’ என்ற வெற்றுப் புகழைத்தான் விட்டுவைத்தார் என்று அவருக்குத் தோன்றியதாம். பெற்ற பிள்ளை இப்படி எழுத வேண்டி வந்ததே! 1948இல் தாய்மாமன் மகளைக் கட்டிக்கொண்டார். நம் ஊரில் ஊர்கூடி வாழ்த்தியிருப்போம், அங்கே அம்மாவுக்குத் தன் தம்பியோடு பேச்சுவார்த்தையே இல்லாததால் அதுவும் ஒரு விரிசல். 1951இல் டெவனில் டார்ட்மவுத் என்ற துறைமுக ஊரில் மனைவியோடு ஒரு புத்தகக்கடை தொடங்கினார். நல்ல கடை, மனம் ஒன்றி நடத்தினார். அங்கேயும் ஆட்கள் தேடிவந்து ‘நீங்கள்தானே அந்தப் பையன்?’ என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்த பிறகுதான் அப்பாவையும் அந்தக் கதைப் பையனையும் நேருக்குநேர் பார்க்க முடிந்தது என்கிறார். அப்போது அவருக்கு ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. அந்தப் பொம்மைகள் இப்போது நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன. அவற்றைத் திரும்ப வாங்க வேண்டும் என்று அவர் ஆசைப்படவே இல்லை.

உன் புத்தகம் அவ்வளவு பெரிதாகப் போகாது, எதற்கு இந்த ஒப்பீடு என்று தோன்றலாம். போகும் என்றுதான் நான் நினைக்கிறேன். போகாவிட்டாலும் சின்னவனுக்கு உலகம் என்பது அவன் வகுப்பிலுள்ள நாற்பது பேர்தான். ஒரு பிரதி போதும்.

கதையில் எதையும் குறைக்க வேண்டாம். பாத்ரூம் அத்தியாயம் இருக்கட்டும், அதைப் படிக்கிற எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்பாடா என்றிருக்கும். அந்தப் பயம் ஒரு கற்பனைப் பையனுடையதாக இருந்தால் எல்லாப் பிள்ளைகளும் தங்களுடையது என்று எடுத்துக்கொள்வார்கள். புதுப் பெயரைச் சின்னவனையே வைக்கச் சொல். காக்கைக்கு ‘குண்டூசி’ என்று பெயர் வைத்தவன் அவன்தான் என்று எழுதியிருந்தாயே, இதற்கும் அவனே வைப்பான். சொந்தப் பெயர் போட்ட பிரதி ஒன்றை வீட்டுக்கு மட்டும் அச்சடித்து அவனிடம் கொடு. பெரியவனானதும் அதை வெளியே காட்டுவதா, பெட்டியில் வைப்பதா என்று அவனே முடிவு செய்யட்டும்.

ஜனவரிப் புத்தகக் காட்சிக்குள் வந்தாக வேண்டும் என்ற அவசரம் புரிகிறது. பெயரை மாற்ற அரைமணி நேரம் போதும், பின்னட்டைக்கு இன்னும் ஒரு நாள் ஆகலாம். பதிப்பாளர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். போட்டோவுக்குப் பதில் அந்தத் தாசில்தார் பூனையைப் போடச் சொல், நம் கூட்டம் மொத்தமும் ஆளுக்கு ஐந்து பிரதி வாங்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறேன். அதற்கு முன்னால் இதைத் தங்கச்சியிடமும் படிக்கக் கொடு, அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்