மறைமாவட்டக் கட்டுமானக் குழுவுக்கு: அந்தச் சிமெண்டை உரிக்க அனுமதி தாருங்கள்

பெருமதிப்பிற்குரிய தந்தையர்க்கும் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எங்கள் கோயிலில் புதுப்பிப்பு வேலை எப்படி நடந்தது என்று நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மதிப்பீட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் நீங்கள். செங்கலும் சுண்ணாம்புமாக நின்ற சுவரைக் கொத்தி, உள்ளும் வெளியும் சிமெண்ட் பூசி, இடுப்பளவுக்கு டைல்ஸ் ஒட்டி, அதற்கு மேல் எமல்ஷன் அடித்துத் தந்தீர்கள். இப்போது ஓதம் ஏறுகிறது என்று எழுதினால், வாட்டர்ப்ரூஃப் கலவை போட்டு அதன் மேலேயே இன்னொரு பூச்சு பூசச் சொல்லிப் பதில் வருகிறது. தயவுசெய்து அந்த வேலையை நிறுத்துங்கள். பூசியதை உரிக்கவும், சுண்ணாம்பே திரும்பப் பூசவும் அனுமதி கொடுங்கள்.

அந்தக் காலத்துச் சுவருக்கு அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. மண்ணின் ஈரத்தைச் செங்கல் இழுக்கும்; சுண்ணாம்புப் பூச்சு அதை ஆவியாக வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. போக்கிடம் இல்லாத ஈரம் டைல்ஸைத் தாண்டி மேலே ஏறுகிறது. அதில் கரைந்திருக்கும் உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்துப் பாளம் பாளமாகத் தள்ளுகிறது. விரலால் தட்டினாலே பொள்ளல் சத்தம் கேட்கும். உள்ளே செங்கல் மாவாக உதிர்கிறது. இன்னொரு பூச்சு இதை மறைக்குமே தவிர நிறுத்தாது. போதாக்குறைக்கு, வெளியே பேவர் பிளாக் பதித்துத் தரையை உள்தளத்துக்கு மேலே உயர்த்தியாயிற்று. மழைத்தண்ணீர் நிற்பது சுவரடியில்தான்.

பூச்சு போனால் பூசிக்கொள்ளலாம். பீடத்துக்குப் பின்னறையில் அதே சுவரை ஒட்டி நிற்கும் அலமாரிக்கு என்ன செய்வது? ஞானஸ்நான, திருமண, இறப்புப் பதிவேடுகள் அதில்தான் இருக்கின்றன. கல்யாண ஓலையை, அதாவது திருமண அறிவிப்பைக் கோயிலில் வாசிக்கும் முன், புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்று கேட்பார்கள். உறுதிபூசுதல் என்னும் அருட்சாதனமும் திருமணமும் அந்தப் பதிவின் ஓரத்தில்தான் குறிக்கப்படும் என்பதால் பழைய நகல் உதவாது, புத்தகத்தைத் திறந்தே ஆக வேண்டும். திறந்தால் ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. பிரித்தால் ஓரம் கையோடு வருகிறது. குறிப்பு இருப்பதும் அந்த ஓரத்தில்தான். பேனா மை ஊறி, பெயரும் தேதியும் நீலத் திட்டாகிவிட்ட பக்கங்களும் உண்டு. பிறப்பைப் பதியாத காலத்தில் பிறந்த கிழவர்களுக்கு வயதுக்கு ஆதாரம் அந்த ஒரு வரி. பழைய பதிவேடுகளையும் கவனமாகக் காக்க வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535ஆம் எண் சொல்வது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

சின்னக் கோயில்தானே என்று நினைப்பீர்கள். சாயங்காலம் பிள்ளைகள் படிப்பதும், வெள்ளம் வந்தால் ஊர் ஒதுங்குவதும், யார் வீட்டு இழவானாலும் மணி அடிப்பதும் இங்கேதான். முகப்பு வளைவுக்குப் பணம் கிடைத்தது. கூரைத் தண்ணீரை இறக்க ஒரு குழாய்க்குக் கிடைக்கவில்லை. கட்டடம் முழுக்க ஓதம் பிடித்திருக்க, அர்ச்சிப்புக் கல்வெட்டு மட்டும் பளபளவென்று இருக்கிறது. கிரானைட் அல்லவா!

கோபத்தில் பேனா நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பெரிய வேலை இல்லை. முதலில் வெளித்தரையை உள்தளத்துக்குக் கீழே அரையடி இறக்கி, தண்ணீரைச் சுவரிலிருந்து விலக்கிவிட வேண்டும். பூச்சை உளியால் கையாலேயே எடுக்க வேண்டும். பிரேக்கர் மெஷின் வைத்தால் செங்கலும் சேர்ந்து வரும். பிறகு சுவர் காய வேண்டும், சுவர்க் கனத்தில் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. இதைச் சொன்னால் எந்தக் காண்ட்ராக்டரும் முகம் சுளிப்பார். அந்த மாதங்களை வீணாக்காமல், நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் புளிக்க விடலாம். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய மணல். ஒரு பூச்சு 10 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் சுண்ணாம்பு இறுகும், அதற்கு ஈரமும் வேண்டும். எனவே நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு மெதுவாக உலர விட வேண்டும். வெயிலில் அவசரமாகக் காய்ந்தால் பொரிந்துவிடும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஒரு சட்டி சிமெண்ட் கலக்கும் வழக்கமும் உண்டு. அதைச் செய்தால் பழையபடி அடைப்புதான். மேலே வெள்ளையடித்தால் போதும், பெயிண்ட் வேண்டாம்.

நம்பிக்கை வரவில்லையென்றால், பின்னறைச் சுவரில் ஒரு சதுர மீட்டர் மட்டும் முதலில் செய்து பார்க்க அனுமதி கொடுங்கள்.

அதுவரை பதிவேட்டு அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பலகை மேல் ஏற்றி வைக்கப் பங்குத்தந்தைக்கு ஒரு வரி எழுதுங்கள். ஒட்டிய ஏடுகளை யாரும் இழுத்துப் பிரிக்க வேண்டாம், வெயிலில் போட வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, திறக்க முடிகிற பக்கங்களை இப்போதே படம் எடுத்து வைக்கலாம். இதற்கு மதிப்பீடும் தேவையில்லை, டெண்டரும் தேவையில்லை. உங்கள் அனுமதிக் கடிதம் அடுத்த மழைக்கு முன் வந்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
பங்கு மக்கள்